அறுநூறு கிலோ

கம்பளி மூட்டை நிறுக்கும் தராசு அது.
ஃபெர்கஸின் கொட்டகையிலிருந்து
டிராக்டர் பெட்டியில் வந்திறங்கியது.
கிளப் கூடத்தில் ஒன்பது பேர் நின்றோம்.
முதலில் ஏற ஒருவருக்கும் மனமில்லை.

ஆறு மாதமாய் இதே பேச்சு.
பழைய விமானத்தின் எஞ்சினைத்
திறந்து பார்த்த மெக்கானிக்
ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிவிட்டு
டீ கிடைக்குமா என்று கேட்ட நாளிலிருந்து.

இறக்கை மேலே இருந்தால்
ஆடுகளை எண்ணிக்கொண்டே போகலாம்,
மழைக்கு ஒதுங்கவும் ஆகும் என்றான் தாமாத்தி.
கீழே இருந்தால்
வளைந்து திரும்பும்போது ஓடுபாதை
கண்ணைவிட்டுப் போகாது என்றாள் எய்ல்சா.
மட்டௌரா ஆற்றின் மேல் தெற்குக் காற்று
இரண்டையும் ஒரே மாதிரிதான் உதைக்கும்
என்று நான் சொன்னதைக்
குறிப்பேட்டில் யாரும் எழுதவில்லை.
குறிப்பேடு என் கையில்தான் இருந்தது.

பாகங்களாய் வாங்கி நாமே கட்டலாமே
என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.
கட்டியதில் காசு வாங்கிப்
பாடம் நடத்த விடமாட்டார்கள்;
ஆலையில் பிறந்து
ஆலையின் கையெழுத்தோடு வரவேண்டும்.
இது ஒரு காரணம்.
இன்னொன்று, ஃபெர்கஸ் அங்கே இருந்தான்.
பதினான்கு வருடமாய் அவன் கொட்டகை விட்டத்தில்
ஒரு ஜோடி இறக்கை தொங்குகிறது,
குருவி எச்சம் படாமல்
மனைவியின் பழைய திரைச்சீலை போர்த்தி.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த விற்பனையாளன்
திரைகளை ஒளிர வைத்தான்,
தோல் இருக்கையைத் தட்டிக் காட்டினான்.
லாக்லன் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து
முன்சக்கரத்தின் காலைப்
பால்பல்லைப் போல் ஆட்டிப் பார்த்தான்.
"என் பிள்ளைகள் இதை
எவ்வளவு உயரத்திலிருந்து போடுவார்கள் தெரியுமா?"
விற்பனையாளன் சிரித்தான்.
லாக்லன் சிரிக்கவில்லை.
அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

மீதிப் பாதி கணக்கு.
கிளம்பும்போது அறுநூறுக்கு மேல் கூடாது.
வெறும் கூடு முந்நூற்று நாற்பது.
நூறு லிட்டர் பெட்ரோல் எழுபத்திரண்டு கிலோ.
மிச்சம் நூற்று எண்பத்தெட்டு,
அதற்குள் இரண்டு மனிதர்கள்.

லாக்லன் பூட்ஸோடு ஏறினான்.
நூற்றுப் பன்னிரண்டு.
"பூட்ஸ் இல்லாமல் நான் பறப்பதில்லை" என்றான்.
எனக்கு அவன் விட்டுவைத்தது எழுபத்தாறு.

என் உரிமத்தில் எழுபத்தொன்று என்றிருக்கிறது.
அதை எழுதியபோது பொய்யில்லை;
எழுதிப் பல குளிர்காலம் ஆகிறது.
ஏறினேன்.
முள் எழுபத்தொன்றை
நின்றுகூடப் பார்க்காமல் கடந்து
எண்பத்து மூன்றில் நின்றது.
ஏழு கிலோ அதிகம்.
பத்து லிட்டரை இறக்கிவிட்டால் சரி:
என் இடுப்புக்கு விலை
அரைமணி நேர வானம்.

பாராசூட் ஒன்று உண்டு, விமானத்துக்கே.
பிடியை இழுத்தால் மொத்தத்தையும் தாங்கி இறக்கும்.
இன்னும் பதின்மூன்று கிலோ.
இங்கே பேச்சு நின்றது.
எய்ல்சா கையைத் தூக்கினாள்.
ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
அவள் அண்ணனின் படம்
காபி இயந்திரத்துக்கு மேல் மாட்டியிருக்கிறது.
பிறகு எட்டுக் கைகள்,
தாமாத்தியுடையது கடைசியில்.

மறுபடி கணக்கு.
இருபது கிலோ மிஞ்சுகிறது,
இருபத்தெட்டு லிட்டர் தரையில் இருக்கட்டும்.
எழுபத்திரண்டு லிட்டர், நான்கு மணி நேரம்.
அநியாயம், ஒன்றரை மணி நேரம் போச்சே என்றேன்.
லாக்லன் சொன்னான்:
"நாலு மணி நேரம் மூத்திரத்தை அடக்க
இந்த அறையில் யாரால் முடியும்?"

முன்பணத்தில் பெரிய பங்கு ஃபெர்கஸுடையது.
"என்னுடையது முடிகிற வரைக்கும்தான்"
என்றபடி கையெழுத்திட்டான்.
ஆமாம் ஆமாம் என்றோம்
கொஞ்சம் அவசரமாய்.

தராசைத் திரும்ப ஏற்றியபின்
பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது.
ஒன்று எடுத்தேன்.
இரண்டாவதை விரலிடுக்கில் வைத்து
பதினைந்து கிராம் இருக்குமா என்று யோசித்தேன்.
இருக்கும்.
தின்றேன்.